சுரூபமும் விக்கிரகமும்

எங்கள் வீட்டு முன்னறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு லூர்து மாதா சுரூபம் இருக்கிறது. வில்லியனூர் திருவிழாவில் என் மனைவி வாங்கியது. அவள் காலமான பிறகு புதுச்சேரி வீட்டைக் காலி செய்துவிட்டு, தொண்டாமுத்தூருக்கு மகள் வீட்டோடு வந்து சேர்ந்தேன். மற்ற சாமான்களை எல்லாம் லாரியில் ஏற்றிவிட்டு, மாதாவை மட்டும் துண்டில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

காலையில் என்னோடு நடக்க வருகிற நண்பர் ஒருவர் பெந்தெகொஸ்தே சபைக்காரர், ஓய்வுபெற்ற வாத்தியார். சென்ற மாதம் காபி குடிக்க வீட்டுக்கு வந்தவர் பெட்டியைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இத்தனை படிச்சவரு, ஊட்டுல விக்கிரகம் வெச்சிருக்கீங்களே?" என்றார். சண்டைக்குக் கேட்கவில்லை, அக்கறையாகத்தான் கேட்டார்.

எனக்கும் பதில் தயாராக இருந்தது. பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் ஞானோபதேச வகுப்பில் அறுபது வருடத்துக்கு முன் மனப்பாடம் செய்தது. சுரூபம் வேறு, விக்கிரகம் வேறு. சுரூபம் ஒருவரை நினைவூட்டும். விக்கிரகம் கடவுளின் இடத்தில் தானே உட்கார்ந்துகொள்ளும். உதாரணமும் சொன்னேன். பாலைவனத்தில் மோசே வெண்கலப் பாம்பு ஒன்றைச் செய்து உயர்த்தினார். அதைப் பார்த்தவர்கள் பிழைத்தார்கள். பல நூற்றாண்டு கழித்து ஜனங்கள் அதே பாம்புக்குத் தூபம் காட்டத் தொடங்கியதும் எசேக்கியா அரசர் அதை உடைத்துப் போட்டார். பொருள் ஒன்றுதான். அதற்கு மனிதர் கொடுத்த இடம்தான் மாறியது.

வாத்தியார் தலையாட்டினார். ஒப்புக்கொண்டாரா, காபிக்காக விட்டுக்கொடுத்தாரா, தெரியாது.

பதில் சரியான பதில்தான். ஆனால் ராத்திரி படுக்கையில் அது என்னைத் தூங்கவிடவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது விக்கிரகம் இல்லை என்றால், என் வாழ்க்கையில் விக்கிரகமே இருந்ததில்லையா? பேராசையும் விக்கிரக ஆராதனைதான் என்று பவுலடியார் கொலோசையருக்கு எழுதியிருக்கிறார். அப்படியானால் விக்கிரகத்துக்குக் கல்லோ மரமோ தேவையில்லை. கண்ணுக்குத் தெரியாததை எப்படி அடையாளம் காண்பது?

இந்தக் கேள்விக்குப் பக்கத்திலேயே பல வருடம் வாழ்ந்து, கடைசியில் ஆயர் பதவியையே விட்டுவிட்டுப் போன ஒருவர் நம் கோயம்புத்தூரில் இருந்தார். அவர் கதையைச் சொன்னால் என் கதையையும் சொல்ல வேண்டிவரும். இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் கொஞ்சம் பழைய சரித்திரம். 1606-ல் மதுரைக்கு வந்தார் ராபர்ட் தெ நோபிலி. இத்தாலியப் பிரபு குடும்பம். காவி உடுத்தி, சைவ உணவு உண்டு, தத்துவ போதகர் என்ற பெயரோடு வாழ்ந்தார். அவரிடம் ஞானஸ்நானம் பெற்றவர்கள் பூணூலையும் குடுமியையும் சந்தனத்தையும் விட வேண்டியதில்லை என்றார்; அவை நாட்டு வழக்கம், மதம் அல்ல என்பது அவர் வாதம். கூட இருந்த பாதிரிமார்களே ரோமுக்குப் புகார் எழுதினார்கள். விசாரணை பல வருடம் நடந்தது. 1623 ஜனவரியில் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார் நோபிலி பக்கம் தீர்ப்புச் சொன்னார். மூடநம்பிக்கை எண்ணம் கலக்காமல் இருந்தால் பூணூல் இருக்கலாம், குடுமி இருக்கலாம், சந்தனம் இருக்கலாம்.

அதோடு முடியவில்லை. எண்பது வருடம் கழித்து, 1703 நவம்பரில், ரோமின் தூதராக மயார் தெ தூர்னோன் புதுச்சேரியில் வந்து இறங்கினார். எட்டு மாதம் தங்கினார். உடம்பு சரியில்லாதவர். உள்நாட்டு மிஷன் ஊர் எதையும் போய்ப் பார்க்கவில்லை. 1704 ஜூன் மாதம் பதினாறு பிரிவுகள் கொண்ட ஓர் ஆணை பிறப்பித்தார். கிறிஸ்தவப் பெண்கள் பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கட்டக் கூடாது. சிலுவையோ மாதாவோ இருக்கட்டும். கல்யாணத்தில் தேங்காய் உடைக்கக் கூடாது. பெண் பெரியவளானால் சடங்கு கூடாது. கிறிஸ்தவ வாத்தியக்காரர் கோயில்களில் வாசிக்கக் கூடாது. இப்படியே போகிறது. அந்தக் காலத்து ஐரோப்பியர் தமிழரை 'மலபாரி' என்று அழைத்ததால் இந்த வழக்குக்கு 'மலபார் சடங்குகள்' என்று பெயர் விழுந்தது. கடைசித் தீர்ப்பு 1744 செப்டம்பர் 12-ல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் கையெழுத்திட்ட ஆணையாக வந்தது. இங்கே வருகிற ஒவ்வொரு பாதிரியாரும் அதைக் கைக்கொள்வதாகச் சத்தியம் செய்ய வேண்டும் என்றார்கள். அந்தச் சத்தியப்பிரமாணத்தை ரோமாபுரி 1940-ல்தான் நீக்கியது.

நான் முப்பத்தைந்து வருடம் அரசாங்கக் கோப்புகளோடு புழங்கியவன். ஒரு கோப்பில் எது முதல் பக்கத்தில் இருக்கிறது, எது இணைப்பாகக் கடைசியில் போகிறது என்பதிலேயே அலுவலகத்தின் மனசு தெரிந்துவிடும். இந்த நூறு வருடக் கோப்பில் தாலியும் தேங்காயும் சந்தனமும் முன்னால் இருந்தன. தூர்னோன் ஆணையிலேயே இன்னொரு பிரிவும் உண்டு. இன்று தலித் கிறிஸ்தவர்கள் என்று நாம் சொல்கிற மக்களின் குடிசைக்குள், சாகக் கிடப்பவருக்கு அவஸ்தைபூசுதல் கொடுக்கக்கூடப் பாதிரிமார் நுழைவதில்லை என்ற புகார். அது தவறு, நுழைய வேண்டும் என்றார் தூர்னோன். நுழைந்தால் மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் எங்களிடம் வரமாட்டார்கள் என்பது பாதிரிமார் தரப்பு. கடைசியில் 1744-ல் ஒரு சமாதானம் கண்டுபிடித்தார்கள். அந்த மக்களுக்கென்று தனியாகச் சில குருக்களை ஒதுக்கிவிடுவது!

கோப்பு முடிந்தது. தாலியிலிருந்த பிள்ளையார் இறங்கிவிட்டார். ஆனால் குடிசை வாசலில் நின்றுபோன கால் நின்ற இடத்திலேயே நின்றது.

அடுத்த வருடமே புதுச்சேரியில் என்ன நடந்தது என்று ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். சம்பா கோயில் என்று எங்கள் ஊரில் இன்றும் சொல்கிறோமே, அந்தக் கோயிலுக்கு முன்னால் அதே இடத்தில் இருந்த சேசுசபைக் கோயிலில், ஒடுக்கப்பட்ட மக்கள் தனியாக உட்காரும்படி உள்ளேயே ஒரு சுவர் இருந்தது. 1745-ல் அவர்கள் பாதிரியாரிடம் போய், நாங்களும் உங்கள் சீடர்கள்தானே, எங்களுக்கு மட்டும் ஏன் இந்தச் சுவர் என்று கேட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. உடனே மற்றவர்கள் கொதித்தார்கள். சுவர் விழுந்தாலும் தனித்தனியாக உட்காருகிற வழக்கம் விழவில்லை. மூன்றே வருடத்தில், 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் முற்றுகையைக் காரணம் காட்டி, அதே கோயிலின் பக்கத்திலிருந்த வேதபுரீசுவரர் கோயிலை தூப்ளெக்ஸ் ஆட்சி இடித்துத் தள்ளியது. அந்தத் துயரத்தையும் பிள்ளை எழுதியிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் வணங்கியதை விக்கிரகம் என்று இடிக்க முடிந்தது. தங்கள் கோயிலுக்குள் இருந்ததை விக்கிரகம் என்று யாருக்கும் தெரியவில்லை.

கத்தோலிக்கரை மட்டும் சொல்வதாக நினைக்க வேண்டாம். சீகன்பால்கு ஐயர் 1718-ல் தரங்கம்பாடியில் புதிய எருசலேம் ஆலயத்தைக் கட்டியபோதும் சாதிவாரியாகத்தான் உட்கார்ந்தார்கள். 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், திருச்சபையில் சாதி வேறுபாடு உடனே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பெரிய எதிர்ப்பு. ஒரே பந்தியில் உட்கார்ந்து நற்கருணை வாங்குவதைவிட சபையை விட்டே போகிறோம் என்று போனவர்கள் உண்டு.

இப்போது கோயம்புத்தூருக்கு வருகிறேன். சேசுசபை 1773-ல் கலைக்கப்பட்ட பிறகு, நம் பக்கத்து மிஷன் பாரிஸ் வேதபோதக சபையின் பிரெஞ்சுப் பாதிரிமார் கைக்கு வந்தது. அப்படி வந்தவர்களில் ஒருவர் மெல்கியோர் தெ மரியோன் பிரெஸியாக். 'பிரெசில்லாக்' என்று எழுதுகிறார்கள். அந்த இரட்டை 'எல்' பிரெஞ்சில் 'ய'வாகத்தான் ஒலிக்கும். இந்தத் திருத்தத்தைச் சொல்லாமல் என்னால் தாண்ட முடியாது. பிரெஞ்சு படித்த கர்வம், மன்னித்துக்கொள்ளுங்கள்.

1813-ல் தெற்கு பிரான்சில் காஸ்தெல்நோதாரி என்ற ஊரில் பழைய பிரபு குடும்பம் ஒன்றில் பிறந்தவர். 1842-ல் புதுச்சேரிக்கு வந்தார். தமிழ் கற்றார். 1844-ல் புதுச்சேரியில் நடந்த திருச்சபை மாமன்றத்தில் உள்ளூர்க் குருக்களை உருவாக்குவதுதான் முதல் வேலை என்று பேசினார்கள். பலர் பேசியதோடு விட்டார்கள். இவர் அதைப் பிடித்துக்கொண்டார். தமிழ்க் குருக்கள் ஐரோப்பியருக்கு உதவியாளராக இருந்தால் போதாது, சமமாக இருக்க வேண்டும் என்றார். கோவைப் பகுதி புதுச்சேரியிலிருந்து பிரிக்கப்பட்டபோது பொறுப்பு இவருக்கு வந்தது. 1846 அக்டோபர் 4-ம் தேதி கருமத்தம்பட்டியில் ஆயராக அபிஷேகம் பெற்றார். வயது முப்பத்திரண்டு. இன்றைய கோவை மறைமாவட்டத்தின் ஆயர் வரிசை இவரிடமிருந்துதான் தொடங்குகிறது.

இவர் பெயர் எனக்கு 2020 வரை சரியாகத் தெரியாது. அந்த வருடம் மே மாதம், எல்லாரும் கொரோனாவால் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது, பாப்பரசர் பிரான்சிஸ் இவரை வணக்கத்துக்குரியவராக அறிவித்தார் என்று செய்தி வந்தது. பேரனிடம் சொன்னேன். இந்தியாவில் இருந்த பன்னிரண்டு வருடங்களைப் பற்றி அவர் எழுதிய நினைவுக் குறிப்புகளின் பிரெஞ்சு மூலத்தைக் கணினியில் எங்கிருந்தோ தேடிக் கொடுத்தான். தோப்பில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொண்டு ஊரடங்கு முழுவதும் அதைப் படித்தேன். பள்ளிக்கூடத்தில் கற்ற பிரெஞ்சு பென்ஷன் வயதில் ஒரு வேலைக்கு உதவியது.

அவரை உறுத்திய விஷயம் இதுதான். 1744 ஆணையைக் கைக்கொள்வதாக அவரும் சத்தியம் செய்திருந்தார். ஆனால் சாதி வழக்கங்களில் எது வெறும் ஊர் வழக்கம், எது சத்தியத்துக்கு விரோதம் என்பதில் பாதிரிமாருக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. ஒருவர் அனுமதிப்பதை அடுத்த ஊரில் இன்னொருவர் தடுத்தார். பெரும்பாலோர் கண்டும் காணாமல் இருந்தார்கள். பிரெஸியாக் இன்றைய அர்த்தத்தில் சாதி ஒழிப்புப் போராளி அல்ல. அப்படிச் சொன்னால் பொய். மக்களின் வழக்கங்களை ஒரேயடியாக மிதிக்கவும் அவர் விரும்பவில்லை. சத்தியம் செய்துவிட்டு, அதை மீறுகிறோமா இல்லையா என்று தெரியாமலே தினம் பூசை வைப்பது எப்படி என்பதுதான் அவர் கேள்வி. ரோமுக்குத் திரும்பத் திரும்ப எழுதினார், தெளிவான தீர்ப்புக் கேட்டார். தெளிவான தீர்ப்பு வரவில்லை. 1854-ல் நேரிலேயே புறப்பட்டுப் போனார். அப்போதும் கிடைக்கவில்லை. 1855-ல் அவருடைய ராஜினாமா ஏற்கப்பட்டது.

இந்த இடத்தில் ஒரு நியாயமான சந்தேகம் வரும், எனக்கும் வந்தது. மனச்சாட்சி சுத்தமாக இருக்க வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு ஒரு விக்கிரகம் ஆகிவிட்டதோ? மற்றவர்கள் அழுக்கோடு அழுக்காக இருந்து ஜனங்களைப் பார்த்துக்கொண்டார்களே, இவர் கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டாரே? ஆனால் கை கழுவுகிறவர் வீட்டில் போய் உட்காருவார். இவர் உட்காரவில்லை. 1856 டிசம்பர் 8-ல் லியோன் நகரத்து ஃபூர்வியேர் குன்றில் ஆப்பிரிக்காவுக்கென்று ஒரு வேதபோதக சபையைத் தொடங்கினார். 1859 மே மாதம் சியரா லியோனில் ஃப்ரீடவுன் துறைமுகத்தில் இறங்கினார். ஊரில் மஞ்சள் காய்ச்சல் பரவியிருந்தது. ஆறு வாரத்தில், ஜூன் 25-ம் தேதி, அதே காய்ச்சலில் இறந்துபோனார். வயது நாற்பத்தைந்து. பதவி, ஊர், கடைசியில் உயிர் என்று ஒவ்வொன்றாக விட்டவரை எதையாவது பிடித்துக்கொண்டிருந்தவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவர் கேட்ட கேள்வி இங்கே தங்கிவிட்டது. திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் 1872-ல் திருக்குடும்பக் கோயில் ஒன்றைக் கட்டினார்கள். ஒரே பீடம், அதிலிருந்து கால்சட்டையின் இரண்டு கால் மாதிரி இரண்டு மண்டபங்கள் பிரியும். ஒரு சாதிக்கு ஒரு கால். இருவரும் பீடத்தைப் பார்க்கலாம், ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டாம். 1910-ல் கௌசானேல் சுவாமி நடுவிலிருந்த தடுப்பை இடித்தார். எதிர்த்தவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். சாதியின் பேரால் கோயிலில் தனி இடம் கேட்க உரிமை இல்லை என்று உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அதே வடக்கன்குளத்தில்தான் 1745-ல் நீலகண்ட பிள்ளை என்ற திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர் ஞானஸ்நானம் வாங்கித் தேவசகாயம் ஆனார். விசுவாசத்துக்காக 1752-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-ல் புனிதர் பட்டம் கொடுக்கும்போது பெயரின் பின்னால் இருந்த 'பிள்ளை'யை ரோமாபுரி எடுத்துவிட்டது. இருநூற்றெழுபது வருடம் ஆயிற்று, ஒரு வேதசாட்சியின் பெயரிலிருந்து சாதி இறங்க.

இனி என் கதை.

எங்கள் மகள் படிப்பு முடிந்து கோவையில் வேலை பார்த்தாள். 1998 கடைசியில் ஒரு கடிதம் எழுதினாள். தொண்டாமுத்தூர்ப் பையன், கத்தோலிக்கக் குடும்பம், கொஞ்சம் தென்னந்தோப்பு, வாடகைக்கு ஓட்டும் ஒரு டெம்போ. நல்ல மனிதர், குடிப் பழக்கம் இல்லை, ஞாயிறு பூசை தவறுவதில்லை.

நான் விசாரித்தது வேறு விஷயம். என்ன ஆட்கள்? தெரிந்த ஒரு சாமியார் மூலம் கேட்டேன். "திருமுழுக்குச் சான்றிதழ் வரவழைத்துப் பார்த்துவிட்டேன், எல்லாம் சரியாக இருக்கிறது" என்றார் அவர். அந்தச் சான்றிதழில் சாதிக்கு ஒரு கட்டம் இல்லையே என்று என் குமாஸ்தா மூளை குறைப்பட்டது. வேறு வழியில் தெரிந்துகொண்டேன். எங்கள் சொந்தக்காரர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள் என்று நான் நினைத்த சமூகம். எங்கள் சாதி எது, அவர்கள் சாதி எது என்று இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் உங்களில் பாதிப் பேர் அதைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்வீர்கள்.

நான் தடுக்கவில்லை. தடுத்தால் நாலு பேர் சிரிப்பார்கள். ஆசீர்வதிக்கவும் இல்லை. ஆசீர்வதித்தாலும் நாலு பேர் சிரிப்பார்கள். 1999 மே மாதம் ஒரு திங்கட்கிழமை கல்யாணம் கோவையில் என்று முடிவானது. போன வெள்ளிக்கிழமை வரை புறப்படுவது போலவே இருந்தேன். சனிக்கிழமை மனைவியிடம், "ஆபீஸில் திடீர் ஆடிட். லீவு கேன்சல். நீ போய் வா" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் பேசாமல் பட்டுப்புடவையை மடித்துப் பெட்டியில் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பஸ்ஸில் தனியாகப் போனாள். திங்கட்கிழமை காலை, என் மகள் கழுத்தில் தாலி ஏறிய நேரத்தில், நான் அலுவலகத்தில் மூன்று வருடத்துப் பழைய ரசீதுக் கட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. ஆடிட் எதுவும் இல்லை.

முப்பத்தைந்து வருட சர்வீஸில் நான் பொய்க் கணக்கு எழுதியதில்லை. லஞ்சம் வாங்கியதில்லை. எனக்காக ஒரு தேதியைக்கூட மாற்றி எழுதியதில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, பயந்த சுபாவம். அப்படிப்பட்டவன் வாழ்க்கையில் சொன்ன பெரிய பொய் அது ஒன்றுதான். யாருக்காகச் சொன்னேன்? கடவுளுக்காக இல்லை. மகளுக்காகவும் இல்லை. 'நாலு பேர்' என்று சொல்கிறோமே, அவர்களுக்காக. அந்த நாலு பேர் யார் என்று இன்றுவரை பெயர் சொல்லி என்னால் எழுத முடியாது. அவர்களுக்கு முகம் இல்லை, வாய் இல்லை, சுரூபம் இல்லை. ஆனால் அவர்கள் பலி கேட்டார்கள், நான் கொடுத்தேன்.

தோப்பில் பிரெஸியாக் ஆயரைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் இது எனக்கு விளங்கியது. ஒரு மனிதர் தன் சத்தியம் பொய்யாகிவிடக் கூடாது என்று ஆயர் பதவியை விட்டார். இன்னொரு மனிதன் நாலு பேருக்காகப் பொய் சொல்லி மகள் கல்யாணத்தை விட்டான். இருவரும் ஒன்றுக்காக ஒன்றை விட்டவர்கள்தான். எதை விட்டோம் என்பதைவிட, எதற்காக விட்டோம் என்று பார்த்தால் பீடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்துவிடும்.

ஆகவே என் வாத்தியார் நண்பருக்கு இப்போது வேறு பதில் வைத்திருக்கிறேன். விக்கிரகத்தைக் கண்டுபிடிக்க வீட்டுச் சுவரைப் பார்க்க வேண்டாம். நாம் எதற்காகப் பொய் சொல்கிறோம் என்று பார்த்தால் போதும். சிலருக்கு அது பிள்ளையின் மார்க்கு. சிலருக்கு நிலம். சிலருக்குச் சபையில் முன் வரிசை நாற்காலி. இது கத்தோலிக்கருக்கும் உண்டு, அவர்கள் சபையிலும் உண்டு. எனக்கு நாலு பேர். பக்கத்தில் ஒரு சின்ன விக்கிரகமாகப் பிரெஞ்சு உச்சரிப்பும் இருக்கிறது, அதை மேலேயே பார்த்தீர்கள்.

போன அக்டோபரில் கருமத்தம்பட்டி ஜெபமாலை மாதா கோயிலுக்குப் போக வேண்டும் என்று சொன்னேன். மாப்பிள்ளை அன்று டெம்போ வாடகையை விட்டுவிட்டுத் தம் மாருதி வேனில் அழைத்துப் போனார். கோயிலுக்குள் நின்றேன். நூற்றெழுபத்தைந்து வருடத்துக்கும் முன்னால் இந்த ஊரில்தான் ஒரு முப்பத்திரண்டு வயது பிரெஞ்சுக்காரர் ஆயராக எழுந்தார். பக்கத்தில் முழந்தாளில் இருந்த மாப்பிள்ளையைப் பார்த்தேன். தலை நரைத்துவிட்டது. என் மனைவி கடைசியாகப் படுத்திருந்தபோது ஆஸ்பத்திரியில் இரவெல்லாம் விழித்திருந்தது இவர்தான். இருபது வருடத்துக்கு மேல் இவர் வீட்டுச் சோற்றையும் சாப்பிட்டிருக்கிறேன், வந்து போயும் பிறகு நிரந்தரமாகவும். ஒரு வார்த்தை பாக்கி இருந்தது.

வெளியே வந்து புளிய மரத்து நிழலில் நின்றோம். "மாப்பிள்ளை, உங்க கல்யாணத்தன்னைக்கு ஆடிட் ஒண்ணும் இல்ல" என்றேன்.

அவர் வேன் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னார்: "தெரியுமுங்க மாமா. அத்தை அன்னைக்கே சொல்லிப்போட்டாங்க. 'அவரா ஒரு நாளைக்குச் சொல்லுவாரு, அதுவரைக்கும் நீங்க கேக்கக் கூடாது'ன்னாங்க."

எனக்குப் பேச்சு வரவில்லை. அவரே, "வெயிலு ஏறிருச்சு, போலாமுங்களா? தென்னைக்குத் தண்ணி பாய்ச்சோணும்" என்றார். புறப்பட்டோம்.

நண்பர்களே, நீங்களும் என் வயதுக்காரர்கள். உங்கள் வீட்டுப் பெட்டியிலும் ஒரு பழைய ஆடிட் இருக்கலாம். கேட்க வேண்டியவர் உயிரோடு இருக்கும்போதே சொல்லிவிடுங்கள். என் மனைவியிடம் நான் சொல்லவில்லை. அவள் வாங்கிய மாதாவிடம்தான் இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறேன்.